நோட்டுப் பெரியம்மா

ராமகுப்பத்தில் தெருவுக்கு ஒரு நோட்டுப் பெரியம்மா உண்டு. எந்த வீட்டுப் பெரியம்மா என்று சொல்ல மாட்டேன். சொன்னால் மற்ற தெருக்காரர்கள் என்னோடு பேச மாட்டார்கள். அடையாளம் மட்டும் சொல்கிறேன். அரிசி டப்பாவுக்குப் பின்னால், கல்யாண மஞ்சப்பையில் சுற்றிச் சணல் கயிறு கட்டி ஒரு பொட்டலம் இருக்கும். நிலப் பத்திரமோ என்று நினைத்துவிடாதீர்கள். பத்திரம் பீரோ மேல் பல்லி முட்டையோடு கிடக்கிறது. இது சமையல் நோட்டு.

சமைக்கும்போது பெரியம்மா அதைத் திறந்து நான் பார்த்ததில்லை. "பாத்துப் பாத்துச் செய்யறதுக்கு இது இன்னா பரீட்சையா?" என்பார். அடுத்தவர் சமைத்ததில் குறை கண்டுபிடிக்கத்தான் கயிறு அவிழும்.

நோட்டு என்றாலும் நடுவில் இருப்பது ஒரு புத்தகம். மீனாட்சி அம்மாள் 1951இல் வெளியிட்ட 'சமைத்துப் பார்'. பெரியம்மாவின் மாமியார் வாங்கியது. அட்டை போயிற்று, முதல் பக்கங்கள் போயின. அந்த வீட்டைப் பொறுத்தவரை தமிழர் சமையல் நடுவில் ஒரு குழம்பிலிருந்துதான் தொடங்குகிறது. அதோடு சேர்த்துக் கோணி ஊசியால் தைத்திருப்பவை: மருமகளின் பள்ளிக்கூட மனையியல் நோட்டு, குக்கரோடு வந்த கையேடு, கேலண்டர் தாள்கள், வாரப் பத்திரிகைத் துணுக்குகள், எதற்கென்று தெரியாத ஒரு மின்கட்டண ரசீது.

மீனாட்சி அம்மாள் எழுதியது சைவச் சமையல். மாமியாருக்கு அது பெரிய குறையாகப் பட்டிருக்கிறது. ஒரு பக்கத்தின் அடியில் கிடந்த வெற்றிடத்தில் பென்சிலால் நாட்டுக்கோழிக் குழம்பை எழுதிச் சேர்த்துவிட்டார். புரட்டாசி பிறந்தால் பெரியம்மா அந்தப் பக்கத்துக்கு மட்டும் ஊக்கு குத்திவிடுவார்.

மாமியார் பள்ளிக்கூடம் போனபோது ராமகுப்பம் இருக்கும் சித்தூர் ஜில்லா சென்னை மாகாணத்தோடு இருந்தது. 1953 அக்டோபர் 1ஆம் தேதி ஆந்திர மாநிலத்துக்குப் போனது. ஊர் நகரவில்லை, வீடு நகரவில்லை, அடுப்பும் அதே மூலையில்தான். எழுத்து மட்டும் நகர்ந்துவிட்டது. மாமியாரும் பெரியம்மாவும் எழுதிய பக்கங்கள் தமிழ். பலமநேரிலிருந்து வந்த மருமகள் எழுதியவை தெலுங்கு. பேத்தி எழுதியவை இங்கிலீஷ். வீட்டில் எல்லோரும் மூன்று மொழியும் பேசுவார்கள். வாசிப்பது ஆளுக்கு ஒன்றுதான். உகாதிக்கு ஒப்புட்டு என்றால் பூரணம் தமிழில், மேல்மாவு தெலுங்கில், 'வெல்லத்தைக் குறைக்கவும், தாத்தாவுக்குச் சர்க்கரை' என்ற திருத்தம் இங்கிலீஷில். பேத்திக்கு பெங்களூரில் வேலை. விடிகாலையில் குப்பம் ஸ்டேஷனில் ரயிலேறினால் இருட்டிய பிறகுதான் வருவாள். அதனால் வாரநாளில் ஒப்புட்டு செய்தால் தாத்தாவுக்கு வெல்லம் குறைவதில்லை. தாத்தா இதுவரை புகார் சொன்னதுமில்லை.

அளவுகள் இன்னொரு கூத்து. மாமியார் பக்கத்தில் ஆழாக்கும் பலமும். மருமகள் பக்கத்தில் சோலையும் கித்தையும். பேத்தி பக்கத்தில் 'கப்'. எந்தக் கப் என்று இன்னும் தீர்ப்பாகவில்லை. ஒரு தடவை மாமியார் எழுதியிருந்த 'துவரம்பருப்பு 6 ரூபாய் எடை' என்பதைப் பெரியம்மா வாசித்துச் சொல்லக் கேட்ட மருமகள், தராசில் ஆறு ஒற்றை ரூபாய்க் காசைப் போட்டுப் பருப்பு நிறுத்தாள். பழைய வெள்ளி ரூபாய் பதினொன்றரை கிராமுக்கு மேல். இன்றைய காசு நாலு கிராம்கூட இல்லை. அன்றைக்குச் சாம்பாரில் பருப்பைத் தேடித்தான் கண்டுபிடித்தோம். "ரூபாய்க்கு மதிப்பு போச்சின்னு ரேடியோவுல சொன்னப்ப நான் நம்பல" என்றார் பெரியம்மா.

தெலுங்கு வாசிக்காத பெரியம்மா தெலுங்குப் பக்கத்தை எப்படி எடுக்கிறார்? கறையைப் பார்த்து. இதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மஞ்சள் தெறித்து ஓரம் காய்ந்து நொறுங்கினால் புளிச்சகீரை. பக்கம் ஒட்டிக்கொண்டு, பிரித்தால் 'சர்ர்' என்றால் பாகு. ஒப்புட்டுப் பக்கத்தில் நெய் ஊறிக் கண்ணாடி ஆகிவிட்டது. மறுபக்கத்து வத்தக்குழம்பு அதன் வழியே தெரியும். பழகாதவர் வாசித்தால் ஏலக்காய்க்கு அடுத்து சுண்டைக்காய் போட்டுவிடுவார். வெள்ளையாக இருக்கும் பக்கத்தைப் பெரியம்மா நம்புவதே இல்லை. "இத யாரும் செஞ்சி பாக்கல. செஞ்சவங்க திரும்பச் செய்யல."

மருமகளின் மனையியல் நோட்டு முழுக்க அப்படி வெள்ளை வெளேர். டீச்சர் சிவப்பு மையில் சரி போட்ட கேரட் சாலட், முளைகட்டிய பயறு, அம்புக்குறி போட்ட சமச்சீர் உணவுத் தட்டு. அழுக்கானது ஒரே பக்கம்: ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீர், ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. பேதிக்குக் கொடுக்கும் கரைசல். பேத்தி வளர்ந்ததே அந்தப் பக்கத்தில்தான் என்று மருமகள் சொல்வாள். பெரியம்மா அதில் மட்டும் குறை கண்டதில்லை.

கேவுரு களிக்கு அந்த நோட்டில் பக்கமே கிடையாது. களிக்கு யாராவது குறிப்பு எழுதுவார்களா? போன வருஷம் பேத்தி கேட்டாள்.

"அவ்வா, மாவு எவ்ளோ?"

"நொய்யி வெந்ததும் மேல கொட்டு. கிண்டாத. மூடி வெய்யி."

"எவ்ளோ நேரம்?"

"வாசன வர்ற வரிக்கும்."

"எவ்ளோ நிமிஷம், அவ்வா?"

"வாசனைக்கு கடியாரம் கட்டியா வெச்சிருக்கு? அப்புறம் கோலப் போட்டு கட்டியில்லாம கிண்டு. கைய தண்ணியில நனச்சிக்கினு உருட்டு."

இதைக் கேட்டபின் பேத்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டு முழுவதையும் செல்போனில் ஸ்கேன் செய்தாள். அந்த ஆப் கெட்டிக்காரத்தனமானது. மஞ்சள், நெய், புளி, பாகு, எல்லாக் கறையையும் துடைத்துப் பக்கங்களைப் பளிச்சென்று வெள்ளையாக்கிக் கொடுத்தது. பெருமையோடு பெரியம்மாவிடம் நீட்டினாள்.

பெரியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலால் தள்ளித் தள்ளி, கடைசிப் பக்கம் வரைக்கும் பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்:

"இது யார் வீட்டு நோட்டுடி?"