ஃபேன் பெல்ட் குறித்து அமைச்சுக்கு ஒரு விளக்கக் கடிதம்

போக்குவரத்துக்குப் பொறுப்பான அமைச்சின் மேலான கவனத்திற்கு,

விடயம்: மலைப்பாதையில் அறுந்துபோகும் பெல்ட்

ஃபேன் பெல்ட் என்பது என்ஜினின் முன்புறம் கப்பிகளைச் சுற்றி ஓடும் ரப்பர் வளையம். வருமான அனுமதிப்பத்திரத்தில் இதற்கென ஒரு கட்டம் இல்லாததால், அமைச்சுக்கு இதன் அறிமுகம் தேவைப்படுகிறது.

என்ஜினின் சுழற்சியை ஆல்டர்னேட்டருக்கும், பல வாகனங்களில் தண்ணீர்ப் பம்புக்கும் காற்றாடிக்கும் கொண்டுசேர்ப்பது இதன் வேலை. அறுந்தவுடன் பற்றரி விளக்கு எரியும். சற்றுநேரத்தில் வெப்பமானியின் முள் ஏறும். பவர் ஸ்டீயரிங்கும் அதே பெல்ட்டில் ஓடினால் கைக்குக் கனம் தெரியும். பழைய டீசல் வேன்கள் பலவற்றில் பிரேக்குக்குத் துணைசெய்யும் வெற்றிடப் பம்ப் ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே பூட்டப்பட்டிருக்கும். பெல்ட் போனால் அந்தத் துணையும் போகும். பிரேக் மிதி கல்லாக இறுகும். சமதரையில் இது ஒரு தொல்லை. உடப்புசல்லாவையிலிருந்து இறங்கும் வளைவுகளில் இது உயிர்ப் பிரச்சினை. என்ஜினை நிறுத்தாமல், கியரைக் குறைத்து, பள்ளமில்லாத மலைப் பக்கமாக வண்டியை ஒதுக்குவதே சாரதி செய்யக்கூடியது.

பெல்ட் திடீரென அறுவது குறைவு. குளிர்ந்த காலையில் கீச்சிடும், ஓரம் பிரியும், உட்புறம் பளபளக்கும். எண்ணெய்க் கசிவு, தளர்வு, கோணலான கப்பி, இறுகிய பேரிங் ஆகியவை அதன் ஆயுளைக் குறைக்கும். இப்போது வரும் செயற்கை ரப்பர் பெல்ட்கள் வெடிப்புக் காட்டாமலே தேய்ந்துபோகும். மூப்பு இன்னொரு காரணம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. டொலரைக் காக்க அது தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் அந்த ஐந்தாண்டுகளும் பழைய வேன்களே தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து பிள்ளைகளைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தன. இறக்குமதியை நிறுத்தும் வர்த்தமானிக்கு ரப்பர் மூப்படைவதை நிறுத்தும் அதிகாரம் இல்லை என்பது மட்டும் அப்போது கவனிக்கப்படவில்லை. 1876-இல் ஹெனரத்கொடையில் ரப்பர் நட்ட நாடு இது என்பதும் நடுவழியில் நின்ற வேனுக்கு ஆறுதலாக அமைவதில்லை.

ஊர் விட்டு வந்தபின் பெல்ட் அறுந்த வாகனத்துக்கான முதலுதவி பின்வருமாறு. வெப்பம் ஏறியபின் என்ஜினை ஓடவிடக் கூடாது. சூடு ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பாயும். நைலோன் காலுறையை முறுக்கிக் கட்டினால் சிறிது தூரம் மெதுவாகப் போகலாம். அதற்கும் சமதரைதான் பொருத்தம். மேலும், கொழுந்துப் பையோடு நடந்துபோகும் தோட்டத் தொழிலாளியிடம் நைலோன் காலுறை கேட்கும் துணிவு சாரதிக்கு வேண்டும். அறுந்த பெல்ட்டைப் பள்ளத்தில் எறியக் கூடாது. அதன் முதுகில் அச்சிட்ட இலக்கமே அளவைக் காட்டும். அந்த இலக்கம் இல்லாமல் நுவரெலியாக் கடையில் நிற்பவருக்குச் சரியான பெல்ட் கிடைப்பது அதிர்ஷ்டம்.

நானுஓயாவிலிருந்து கந்தப்பளை வழியாக ராகலை வரை ஒரு காலத்தில் குறுகிய பாதை ரயில் ஓடியது. அதன் நீராவி என்ஜினுக்கு ஃபேன் பெல்ட் தேவைப்படவில்லை. 1940-களில் அந்தப் பாதையை மூடியதன் மூலம் மலைநாட்டு மக்களைப் பெல்ட்டின் பொறுப்பில் விட்ட பெருமை அரசுக்கே உரியது.

2008 முதல் வாகனங்களுக்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் கட்டாயம். வண்டியின் பின்குழாயில் வெளியேறுவதை அளக்கும் அரசு, முன்புறம் மூடியைத் திறந்து பெல்ட்டைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திப் பார்ப்பதால் கருவூலம் காலியாகாது.

ஆகவே அமைச்சிடம் வேண்டப்படுவன மூன்று: வருடாந்தப் பரிசோதனையில் பெல்ட்டையும் கப்பியையும் சேர்க்க வேண்டும்; வாடகை வேன்களும் பஸ்களும் மாற்றுப் பெல்ட் ஒன்றை உடன் வைத்திருக்க வேண்டும் என விதிக்க வேண்டும்; இந்த விதிகளைச் சாரதிகள் படிக்கும் தமிழிலும் அச்சிட வேண்டும். இவற்றுக்கு வெளிநாட்டுக் கடன் தேவையில்லை.