மார்க் மாறாதவர்

பெரகல சந்தியில் கொழும்புப் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று அப்புத்தளை வழியாகப் பதுளைக்கு, மற்றது கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு. எந்தப் பக்கம் போனாலும் தோட்டத்துக்கு ஒருவராக இவரைப் பார்க்கலாம். கடையை மாற்றுவார், கட்சியை மாற்றுவார், மார்க்கை மட்டும் மாற்ற மாட்டார்.

சவர்க்காரம் என்றால் சன்லைட். தலைவலிக்குப் பெனடோல். பால்மா என்றால் அங்கர். “அண்ணே, அது முடிஞ்சுது. இத எடுத்துட்டுப் போங்க, வெல கொறைவு” என்று கடை முதலாளி வேறு பெக்கட்டை நீட்டினால், மூத்தவளைப் பெண் கேட்டு வந்த இடத்தில் இளையவளைக் காட்டியதுபோல முகம் சுளிப்பார். “கொறைவுன்னா ஏன் கொறைவு? என்னமோ இருக்கு.” தன் மார்க்குக்கு விலை ஏறினாலோ, “நல்ல சாமான், ஏறத்தான் செய்யும்.”

இத்தனைக்கும் லயத்துக்குப் பின்னால் இவருடைய மாடு நிற்கிறது. விடியுமுன் கறந்து, கேனைத் தூக்கிக்கொண்டு பால் எடுக்கும் இடத்துக்கு ஓடுவார். அந்தக் காசில் நியூசிலாந்து மாட்டின் பாலைத் தூளாக வாங்கி வருவார். கேட்டால் நியாயம் தயார்: “மாட்டுப்பாலக் காய்ச்சணும், பொங்காமப் பாக்கணும், வெறகு வேணும். இது ரெண்டு கரண்டி, சுடுதண்ணி, முடிஞ்சுது சோலி.” ரொட்டி தட்டி வைத்துவிட்டுப் பெரட்டுக்கு ஓடும் வீட்டில் இதை யார் மறுப்பது?

ஆனால் அந்தச் சௌகரியம் எல்லாப் பெக்கட்டிலும்தானே இருக்கிறது? விருந்தாளி வந்தால் விடை தெரியும். அடுப்படியில் இருந்த பெக்கட் முன்னறை மேசைக்கு வந்துவிடும், பெயர் வாசலைப் பார்த்தபடி.

இவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. உலகத்துக்கே இந்தப் பெயர்ப் பாடத்தை நடத்தியவர் இந்த மலைக்குத்தான் வந்தார். கிளாஸ்கோ மளிகைக்காரர் தாமஸ் லிப்டன் 1890இல் இங்கே தோட்டங்களை வாங்கினார். அப்புத்தளைக்கு அப்பால் தம்பேத்தன்னவில் அவருடைய தொழிற்சாலை இன்றும் நிற்கிறது. கடைகள் பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுத்த தேயிலையை, கால், அரை, ஒரு இறாத்தல் பெக்கட்டுகளில் தன் பெயரைப் போட்டு விற்றார். கொழுந்து பறித்தவர்களின் பேரப்பிள்ளையும் இன்று பெயர் பார்த்தே வாங்குகிறார். தூள்தான் வேறு.

2022இல் சோதனை வந்தது. மார்ச்சில் 400 கிராம் பால்மா பெக்கட் 790 ரூபாவுக்கு ஏறியது. காசு கொடுத்தாலும் கிடைப்பது பெரும்பாடு. இதே ஊவாவில், புத்தலவில் செய்யும் பெல்வத்த பால்மாவை முதலாளி எடுத்துவைத்திருந்தார். இவர் தொடவில்லை. பிளேன்டீயைக் குடித்து வைராக்கியம் காத்தார்.

ஒருநாள் மனைவி ஒரு செம்புப் பாலைக் கேனில் ஊற்றாமல் நிறுத்தி, காய்ச்சி, டீ போட்டுக் கையில் கொடுத்தார். ஒரு மடக்குக் குடித்ததும் முகம் மலர்ந்தது. “எங்க கெடச்சுச்சு அங்கர்?”

“பின்னால கட்டியிருக்கு, போய்ப் பாருங்க.”

கடைக்குப் பெக்கட் திரும்பிய அன்றே முதல் ஆளாய் நின்றார். மனைவிக்குப் பொறுக்கவில்லை. “நம்ம மாட்டுப்பாலு நல்லாத்தானே இருந்துச்சு?”

“நல்லாத்தான் இருந்துச்சு. அதுக்காக வந்தவங்க முன்னால மாட்டையா புள்ள கொண்டாந்து நிறுத்த முடியும்?”