வாத்தியாருக்கு ஒரு துப்பாக்கி

24 மணி நேரப் பயிற்சி போதும், ஆசிரியர் துப்பாக்கியோடு வகுப்புக்குப் போகலாம் என்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம் 2022-இல் சட்டம் போட்டது. அந்த யோசனை தாமிரபரணிக் கரைக்கும் வந்தால்?

காரணம் இல்லாமல் இல்லை. 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்பு மாணவன் பையிலிருந்து அரிவாளை எடுத்து உடன்படிக்கும் பையனை வெட்டினான். வெறுங்கையோடு தடுக்கப்போன ஆசிரியருக்கும் வெட்டு.

துப்பாக்கி வந்தால் கூடவே இருப்புப் பதிவேடும் வரும். ஒரு தோட்டா குறைந்தால் தணிக்கைத் தடை, சம்பளத்தில் பிடித்தம். தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கி காவல் நிலையத்துக்கு, வாத்தியார் வாக்குச்சாவடிக்கு.

குறி தவறினால் யார் பொறுப்பு? ஆசிரியர் தலைமையாசிரியரைக் காட்டுவார்; அவர் முதன்மைக் கல்வி அலுவலரை; அவர் அரசாணையை. அரசாணையின் கடைசி வரி: 'சம்பந்தப்பட்ட ஆசிரியரே முழுப் பொறுப்பு.' பிரம்பைத் தொட்டாலே கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு பாயும் ஊரில், தோட்டாவுக்கு விளக்கக் கடிதம் எத்தனை பக்கம் எழுதுவது?

நாங்குநேரியில் ஒரு மாணவர் சாதி வெறியில் வெட்டப்பட்டபின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024-இல் அறிக்கை கொடுத்தது. மாணவர் கையில் சாதிக் கயிறு கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. அதற்கு உரிமம் வேண்டாம், தோட்டா வேண்டாம். ஒரு கத்தரிக்கோல் போதும். முதலில் அதை வாங்கிக் கொடுங்கள்.