பல்லுப் புடிச்சுப் பாக்க வர்றாங்க கண்ணு

ஏன்டா கண்ணு, செல்போனைக் காதுல வெச்சுட்டு "எந்தக் கம்பெனிங்க சார்?"னு கேட்டயே, அது திண்ணையில உக்காந்திருந்த எனக்கும் கேட்டுச்சு, உன்னைக் கூப்புட்ட ஆளுக்கும் கேட்டிருக்கும். நௌக்ரி, லிங்க்ட்இன்னுன்னு ராவும் பகலும் தட்டித் தட்டி உட்டே. அத்தனையில ஒருத்தன் திரும்பிப் பாத்துக் கூப்புட்டா, நீ அவனையே ஆருன்னு கேக்கறே. கூப்புட்டவனுக்கு வெக்கமா இருந்திருக்கும்.

மொதல்ல ஒரு நோட்டுப் போடு. உங்கம்மா பால் கணக்கு எழுதற நோட்டுல பாதி வெறும் தாளாத்தான் கெடக்குது. எந்தக் கம்பெனி, என்ன வேலை, என்னைக்கு அனுப்புனே, எந்த பயோடேட்டாவை அனுப்புனேன்னு அதுல எழுது. நீதான் ஆளுக்கொண்ணு அனுப்பியிருக்கறயே! ஒருத்தனுக்கு "டெஸ்டிங்தான் என்ற உசுரு"ங்கறே. இன்னொருத்தனுக்கு "டேட்டா அனலிட்டிக்ஸ் சின்ன வயசுலயிருந்தே கனவு"ங்கறே. சின்ன வயசுல உனக்கிருந்த கனவு பஞ்சுமிட்டாய் வண்டி ஓட்டறது. அது எனக்குத் தெரியும், கம்பெனிக்காரனுக்குத் தெரியாது. ஆனா எவன்கிட்ட எந்தக் கனவைச் சொன்னோம்னு உனக்காச்சும் தெரியோணுமல்ல?

நான் அந்தியூரு ஆடிச் சந்தைக்கும், கண்ணபுரம் சித்திரைச் சந்தைக்கும் மாட்டுத் தரகுக்குப் போனவன். மாடு வாங்க வர்றவன் எடுத்த எடுப்புல வெலை கேக்க மாட்டான். வாயைப் பொளந்து பல்லுப் பாப்பான். ரெண்டு பல்லா, நாலு பல்லா, ஆறா, எட்டும் சேந்துருச்சா? அப்பறம் நடக்க உட்டுப் பாப்பான். வண்டியில பூட்டிப் பாப்பான். சுழி பாப்பான். அத்தனையும் முடிஞ்சுதான் துண்டுக்கடியில வெரலைப் புடிச்சு வெலை பேசுவான். நீ போற எடத்துலயும் இதே வரிசைதான். பயோடேட்டாவைப் பெரட்டறது பல்லுப் பாக்கறது. ஆப்டிட்யூட் தேர்வு நடக்க உடறது. டெக்னிக்கல் ரவுண்டு வண்டியில பூட்டறது. எச்.ஆர். ரவுண்டு சுழி பாக்கறது. சம்பளப் பழமை துண்டுக்கடியில. அடுத்தது என்னன்னு தெரிஞ்சவனுக்கு வேர்க்காது.

பல்லுல இருந்து வருவோம். பைத்தான், ஜாவா, எஸ்.க்யூ.எல்., கிளவுடுன்னு ஒரு மொழத்துக்கு எழுதி வெச்சிருக்கறே. எழுதுன ஒவ்வொரு வார்த்தைக்கும் கேள்வி வரும் சாமி. ரெண்டு எழுதி ரெண்டுக்கும் பதில் சொல்றவன், பத்து எழுதி முழிக்கறவனை முந்தீட்டுப் போயிருவான். கடேசி வருசத்துல நாலு பேரு சேந்து ஒரு புராஜக்ட் பண்ணுனீங்களே, அதுல நீ என்ன பண்ணுனேன்னு கட்டாயம் கேப்பாங்க. டீ வாங்கிட்டு வந்தேன்னா சொல்லுவே? இன்னைக்கு ராத்திரியே அந்த புராஜக்டை எடுத்து மொதல்லயிருந்து ஒருக்கா படிச்சுப் பாரு.

பயோடேட்டாவை இப்பெல்லாம் மொதல்ல மிசின் படிக்குதாமா. விளம்பரத்துல இருக்கற வார்த்தை உன்ற தாளுல இருக்குதான்னு தேடுதாமா. அதுக்கு நீயும் மிசின்கிட்டயே எழுதி வாங்கறே. மிசின் எழுதி மிசினே படிச்சா, நடுவுல நீ எதுக்குடா கண்ணு? அனுப்பறது வரைக்கும் அது சரி. ஆனா எதுத்தாப்பல உக்காரப் போறது மனுசன். மிசின் எழுதுன வார்த்தைக்கு அவன் அர்த்தம் கேப்பான். அப்ப உன்ற வாயில வர்றதுதான் கணக்கு.

இன்னொண்ணு. காங்கேயங் கன்னு பொறக்கறப்ப செவப்பாத்தான் இருக்கும். ஆறு மாசத்துல தானா வெளுக்கும். அது தெரியாதவன்தான் சாம்பலைப் பூசி விக்கப் பாப்பான். புதுப்பையன் புதுப்பையனாட்டத்தான் இருப்பான்னு வாங்க வர்றவனுக்குத் தெரியாதா என்ன? அதுக்குப் போயி ரெண்டு வருச அனுபவம்னு காசு குடுத்து சர்டிபிகேட் வாங்காதே. வேலை குடுத்த பொறகும் பின்னணி விசாரிக்கறாங்க. நெசமா வேலை செஞ்சிருந்தா பி.எப். கணக்குல அந்தக் கம்பெனி பேரு இருக்கோணுமேன்னு ஒரு கேள்வி கேட்டா, பூசுன சாம்பல் முச்சூடும் கொட்டீரும். படிப்பு முடிஞ்சு சும்மா இருந்த மாசத்தை மறைக்காதே. என்ன படிச்சே, ஆருக்கு என்ன ஒத்தாசை பண்ணுனேன்னு நேராச் சொல்லு.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க"ம்பான். பேரு, ஊரு, அப்பன் தொழிலு, பத்தாவது மார்க்குன்னு ரேஷன் கார்டைப் படிக்காதே. அது அவன் கையில இருக்கற தாளுலயே இருக்குது. என்ன படிச்சே, என்ன செஞ்சு பாத்தே, இந்த வேலை ஏன் வேணும், மூணே சங்கதி. ஒரு வெத்தலை மடிக்கற நேரத்துல முடிச்சுப்போடு.

"கடின உழைப்பாளி, குழுவோட ஒத்துப் போவேன்"னு எழுதியிருக்கறே. எருமைக்குத் தண்ணி காட்டுடான்னு உங்கம்மா தொண்டை வத்தக் கத்தறது தெருவுக்கே கேக்குது. அத உடு. போன மாரியம்மன் நோம்பிக்கு அன்னதானக் கணக்கு நீதானே பாத்தே? கடேசி நேரத்துல சமையக்காரன் வல்லீன்னு சொன்னப்ப பக்கத்தூருல ஆளைப் புடிச்சுக் கூட்டியாந்தது ஆரு? பேசாம இருந்த ரெண்டு பங்காளியை ஒரே பந்தியில பரிமாற உட்டது ஆரு? அதச் சொல்லு. நெலமை என்ன, உன்ற பொறுப்பு என்ன, நீ என்ன செஞ்சே, கடேசியில என்ன ஆச்சு. நாலையும் வரிசையாச் சொன்னா, "உழைப்பாளி"ங்கற வார்த்தையே தேவைப்படாது. அவனே எழுதிக்குவான்.

"உங்க குறை என்ன?"ன்னா, "எதையும் நெம்பச் சுத்தமாச் செய்வேன், அதுதான் குறை"ன்னு சொல்லச் சொல்லி வீடியோவுல ஒருத்தன் சொல்லிக் குடுத்தானாமா. அப்ப உன்ற கட்டிலுக்கடியில கெடக்கற துணியெல்லாம் ஆருது? இங்கிலீசு பேசறப்ப தடுமாறுதா, அதச் சொல்லு. அதுக்கு இப்ப என்ன பண்ணீட்டிருக்கறேன்னும் சொல்லு. சொல்றதுக்கு முன்னால பண்ணவும் பண்ணு.

இனி துண்டுக்கடி. வருசத்துக்கு 3,60,000ன்னா மாசம் 30,000 கைக்கு வரும்னு கணக்குப் போட்டு, வண்டிக்குத் தவணை விசாரிச்சுட்டயாமா. மில்லுல கணக்கெழுதுன உன்ற மாமனைக் கேளு. அடிப்படைச் சம்பளம் 15,000ன்னு வெச்சுக்க. பி.எப்.புக்கு உன்ற பங்கு 12 சதவீதம், 1,800 ரூவா. கம்பெனி கட்டற பங்கு இன்னொரு 1,800. அதையும் அந்த 30,000க்குள்ளயே சேத்து எழுதற கம்பெனி நெறைய இருக்குது. பணிக்கொடைன்னு கொஞ்சம், இன்சூரன்சுன்னு கொஞ்சம். கைக்கு 25,000 சுத்தி வந்தாப் பெருசு. அதனால "மொத்தம் எவ்வளவு"ன்னு கேக்காதே. "கைக்கு எவ்வளவுங்க வரும்?"னு கேளு. எத்தனை வருசம் பாண்டு, நடுவுல போனா எவ்வளவு கட்டோணும், ராத்திரி ஷிப்ட் உண்டா, எந்த ஊருல போடுவாங்க, இதையும் கேளு. கேட்டா வேலை போயிருமோன்னு பயப்படாதே. மாடு வாயத் தொறக்காது, நீ தொறக்கலாம்.

வேலை குடுக்கறவனை நீயும் பல்லுப் புடிச்சுப் பாக்கோணும். மத்திய அரசோட கம்பெனி விவகார அமைச்சக வலைத்தளத்துல பேரைப் போட்டா, அது பதிவான கம்பெனியா, எந்த வருசம் பதிவாச்சுன்னு தெரிஞ்சு போகும். வேலை குடுக்கறேன், முன்பணம் கட்டுங்கறவன் வேலை குடுக்கறவனில்ல. ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் காட்டு, கையில குடுத்துட்டு வராதே. 2022ல தாய்லாந்துல கம்ப்யூட்டர் வேலைன்னு நம்பிப் போன நம்ம தமிழ்ப் பசங்களை மியான்மருக்குக் கடத்தி, ஆன்லைன் மோசடி வேலை செய்ய வெச்சது பேப்பர்லயே வந்துச்சு. அவுங்களும் படிச்ச பசங்கதான். பணம் போயிருச்சுன்னா வெக்கப்பட்டுட்டு உக்காராதே, சைபர் மோசடிப் புகாருக்கு இருக்கற 1930க்கு உடனே போன் போடு.

கெளம்பறதப் பத்தி நெம்பச் சொல்ல வேண்டியதில்ல. ஈரோட்டுல ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறுனா விடியறதுக்குள்ள சென்னை சென்ட்ரல். ஆனா சென்ட்ரல்லயிருந்து கம்பெனிக இருக்கற சிறுசேரி, இங்கிருந்து சந்தைப்பேட்டை போற தூரமில்ல. வெள்ளெனக் கெளம்பு. வீடியோவுல பேசறதா இருந்தா கரண்ட் போகாத நேரமாப் பாரு, மேல சட்டை கீழ லுங்கின்னு உக்காராதே. அவன் எந்திரிச்சு கதவைச் சாத்துங்கன்னா என்ன பண்ணுவே?

பேசி முடிச்சதும் "அப்பறம் சொல்றோம்"பாங்க. எத்தனை நாளுலன்னு கேட்டுட்டு எந்திரி. வெளிய வந்ததும் என்ன கேட்டாங்க, எதுக்கு முழிச்சேன்னு அந்த நோட்டுல எழுது. சொன்ன நாளு தாண்டுனா ஒரு மெயில் போடு. பதில் வல்லீன்னா அந்தப் பேருக்கு நேரா ஒரு கோடு போட்டுட்டு அடுத்ததுக்குப் போ. சித்திரையில கண்ணபுரத்துல விக்காத மாடு ஆடியில அந்தியூருல வித்திருக்குது.

ஒருத்தன் வேண்டாம்னுட்டான்னு போத்தீட்டுப் படுத்தயின்னா மட்டும் எங்கிட்ட ஒரு வேலை காலியா இருக்குது. எருமைக்குத் தண்ணி காட்டறது. தேர்வு இல்ல, பாண்டு இல்ல, சம்பளமும் இல்ல. ஆர்டரை இப்பவே வாயில சொல்றேன், நாளைக்கு விடியக்காலம் சேந்துக்கலாம்.