கற்று முடித்தவர் யார்?

கேள்வி: வெப் டெவலப்மென்ட்டை நானே இன்னும் கற்று முடிக்கவில்லை. அதற்குள் தெருப் பிள்ளைகள் சிலருக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். இது நியாயமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: கற்று முடித்தவர்தான் வர வேண்டுமென்றால் எந்த வகுப்பும் தொடங்காது. ஜாவாஸ்கிரிப்ட்டின் முதல் வடிவத்தை பிரெண்டன் ஐக் 1995 மே மாதத்தில் பத்தே நாளில் எழுதினார். உலகம் இன்னமும் படித்துக்கொண்டிருக்கிறது. 2015 முதல் ஆண்டுதோறும் அதற்குப் புதிய பதிப்பு வேறு!

நிபுணருக்கு இல்லாத வசதி ஒன்று உங்களுக்கு உண்டு: எங்கே தடுக்கும் என்பது மறக்கவில்லை. சிஎஸ்எஸ்ஸில் பேடிங் பார்டருக்கு உள்ளே, மார்ஜின் வெளியே என்பதை அவர் ஒரே வரியில் தாண்டிவிடுவார். நீங்கள் நின்று படம் போட்டுக் காட்டுவீர்கள்.

இரண்டே நிபந்தனை. தெரியாததைக் கேட்டால் சமாளிக்காதீர்கள். பிள்ளைகள் எதிரிலேயே தேடுங்கள், தேடுவதும் பாடம்தான். இரண்டாவது, லாகின், பாஸ்வேர்டு, பணம் கட்டும் பக்கம் ஆகியவற்றை அரைகுறையாகச் சொல்லித்தராதீர்கள். பட்டன் இடம் மாறினால் சிரிக்கலாம். பாஸ்வேர்டு இடம் மாறினால் போலீஸ் வரும்.

மற்றபடி தாராளமாக நடத்துங்கள். வாசலில் ‘ஃபுல் ஸ்டாக் நிபுணர்’ என்று போர்டு மட்டும் மாட்டாதீர்கள்!