ஆம்பூர் வட்டாரத்தில் கூடுதல் எஸ்.எஸ்.டி. பொருத்துதல்: திருகை முன்வைத்து ஓர் ஆய்வு

ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை பாலாற்றங்கரையில் எதையும் சதுர அடியில் சொன்னால்தான் மதிப்பு பிடிபடும். ஆகவே ஆய்வுப் பொருளை முதலில் அளந்துவிடுவோம். எம்.2 வகை எஸ்.எஸ்.டி.யின் வழக்கமான அகலம் 22 மில்லிமீட்டர், நீளம் 80. ஒரு சதுர அடித் தோலில் பரப்புக் கணக்குப்படி இப்படி 52 துண்டு தேற வேண்டும். நேர்வரிசையில் வெட்டினால் 39; மிஞ்சும் பட்டையைத் திருப்பிப் போட்டால் இன்னும் 6. கட்டிங் மேஜையில் காலம் தள்ளியவர் மேற்கொண்டு ஒன்றிரண்டு தேற்றிவிடுவார் என்பதை ஆய்வாளர் மறுக்கவில்லை.

முன்னோர் ஆய்வு சுருக்கமானது. 1956இல் ஐ.பி.எம். வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்கில் 24 அங்குலத் தட்டுகள் ஐம்பது சுழன்றன. கொண்டது ஏறக்குறைய 50 லட்சம் எழுத்து. ஒரு செல்போன் புகைப்படத்துக்கே அது இன்று இழுபறி. 1987இல் தோஷிபாவின் ஃபுஜியோ மசுவோகா குழு, இன்று எஸ்.எஸ்.டி.க்குள் இருக்கும் நேண்ட் ஃப்ளாஷை அறிவித்தபின் சுழலும் தட்டு இல்லாமலும் வேலை நடக்கும் என்றானது.

களம்: ஷூ அப்பர் தைக்கும் ஒரு யூனிட்டின் ஆபீஸ் கம்ப்யூட்டர். பேட்டர்ன் வரைபடங்களும் டேலி கணக்கும் அதில்தான். கேஸைத் திறந்ததும் தெரிவது மண்தூசி அல்ல, பஃபிங் தூசி. தோலை எமெரித் தாளில் தேய்க்கும்போது பறக்கும் மாவு அது. விசிறி இறகில் படிந்து, நகத்தால் சுரண்டினால் சுருளாக வரும். தோல் பதனிடும் தொழிற்சாலை ஒட்டினாற்போல் இருந்தால் இன்னொரு எதிரியும் உண்டு. முடி நீக்கச் சுண்ணாம்போடு சேர்க்கும் சோடியம் சல்ஃபைடில் அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். அளவு மீறினால் ஆளையே கொல்லும் இந்த வாயு, சிறிதளவில் செம்பையும் வெள்ளியையும் கறுக்க வைக்கும். எஸ்.எஸ்.டி.யின் இணைப்புப் பற்களில் இருப்பது தங்க முலாம், அது கறுக்காது. ஆனால் பிரியாணி எண்ணெய்க்கு முலாம் மருந்தல்ல. கையைக் கழுவிவிட்டு வரவும்.

உடம்பில் தேங்கும் மின்னூட்டமும் எஸ்.எஸ்.டி.க்கு ஆகாது. தோல் அடி வைத்த ஷூ, ரப்பர் அடியைவிட எளிதாக அதைத் தரைக்கு இறக்கிவிடும். அப்படிப்பட்ட தோலையெல்லாம் சீமைக்கு ஏற்றுமதி செய்துவிட்டு ரப்பர் செருப்போடு நிற்கிற நாம், கேஸின் இரும்பைத் தொட்டுக்கொள்வதே வழி.

இனி ஆய்வின் மையம். ஸ்லாட்டில் சாய்வாகச் செருகியதும் எஸ்.எஸ்.டி. வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அதை அழுத்திப் படுக்கவைத்து ஒரே ஒரு திருகு போட வேண்டும். தடிமன் 2 மில்லிமீட்டர். எஸ்.எஸ்.டி. டப்பாவில் அது பெரும்பாலும் இராது, மதர்போர்டோடு வந்திருக்கும். மதர்போர்டு டப்பா எங்கே? இதில் அறிஞர்கள் இரு பிரிவு. 'அசெம்பிள் பண்ண பையன் எடுத்துட்டுப் போயிட்டான்' என்பது ஒரு சாரார் கொள்கை. பரண்மேல் இருக்கிறது, உள்ளே பழைய சலான்களைப் போட்டு வைத்திருக்கிறோம் என்பது மறுசாரார் கொள்கை. பரணை ஆராய்ந்ததில் இரண்டாவதே உண்மை எனத் தெரிந்தது. சலான்கள் இருந்தன, திருகு இல்லை.

மாற்றுத் திருகுகளும் பரிசீலிக்கப்பட்டன. கண்ணாடிக் கடையில் தருவது மெலிசு, சுற்றும், பிடிக்காது. தையல் மெஷின் மெக்கானிக் நீட்டியது வாயிலேயே நுழையவில்லை.

"டேப் போட்டு ஒட்டிடலாமா பாய்?"

"வேணாம் தம்பி, சூட்டுல பசை விட்டுடும்."

முடிவில் லேப்டாப் சர்வீஸ் கடை ஒன்று கொடுத்தது. கொடுத்த திருகு தரையில் விழுந்தது. இங்கேதான் நம் தொழிலின் அறிவு கைகொடுக்கிறது: ஏற்றுமதிச் சரக்கில் ஊசி முறிந்தால் கடைசித் துண்டு வரை தேடி எடுத்துப் பதிவேட்டில் ஒட்டியாக வேண்டும், அதற்கென்றே தையல் பிரிவில் காந்தம் உண்டு. திருகு உடனே வந்து ஒட்டிக்கொண்டது. (எஸ்.எஸ்.டி.க்குக் காந்தத்தால் கேடில்லை. பக்கத்திலிருக்கும் பழைய ஹார்ட் டிஸ்கிடம் காட்டாதிருப்பது மரியாதை.)

பவர் போட்டதும் பழைய ஹார்ட் டிஸ்க் மறைந்தது. டேலி டேட்டாவும் கூடவே. கணக்குப்பிள்ளை நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். பல மதர்போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டில் ஆள் வந்தால் சாட்டா போர்ட் ஒன்றிரண்டு வேலையை நிறுத்திக்கொள்ளும். கேபிளை அடுத்த போர்ட்டுக்கு மாற்றினால் போதும்.

பழையது வந்தது, புதியது தெரியவில்லை. வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயில் நெடுங்காலம் சாமியில்லாமல் நின்று, 1981இல்தான் லிங்கம் மீண்டும் பிரதிஷ்டையானது. எஸ்.எஸ்.டி.க்கும் பிரதிஷ்டை தேவை. டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, இனிஷியலைஸ் கொடுத்து, ஜி.பி.டி.யைத் தேர்ந்து, வால்யூம் உண்டாக்கி, ஃபார்மேட் செய்து எழுத்தொன்று சூட்டினால்தான் தரிசனம். விண்டோஸைப் பழைய தட்டிலேயே விட்டுவிட்டு, 'கம்ப்யூட்டர் இன்னும் மெதுவாத்தான் தொடங்குது' என்பவர்களோடு இக்கட்டுரை வாதிடாது.

தெரிந்தது 931 ஜி.பி. டப்பாவில் 1 டி.பி. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது. பைட் ஒன்றுகூடக் குறையவில்லை. விற்றவர் அடியும் வாங்கியவர் அடியும் ஒத்துப்போகாத ஊரில் இந்த விளக்கம் எடுபடவில்லை. கணக்குப்பிள்ளை மீட்டுக்கொண்ட டேலியைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்: "69 ஷார்ட்டேஜ். டெபிட் நோட்டு யார் பேர்ல சார் போடறது?"