எவ்வளவு இருக்கும், சொல்லு பார்ப்போம்?

நம் வீட்டுக்குள் ஒரு புதுப் பொருள் நுழைந்தால், அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று யாரும் முதலில் கேட்பதில்லை. "என்ன விலை?" என்றுதான் கேட்பார்கள். கைதேர்ந்தவர்கள் அந்தக் கேள்விக்கே இடம் வைக்க மாட்டார்கள். வாங்கிவந்த இயர்பட்ஸை டீப்பாய்மேல் வைத்துவிட்டு, "எவ்வளவு இருக்கும், சொல்லு பார்ப்போம்?" என்று தாங்களே ஆரம்பித்துவிடுவார்கள். எதிரில் இருப்பவர் மரியாதைக்குக் கொஞ்சம் கூட்டியே சொல்வார். "ரெண்டாயிரம்?" வாங்கியவர் உடனே பதில் சொல்ல மாட்டார். ஒரு வாய் தண்ணீர் குடிப்பார். பிறகு, "அறுநூத்தம்பது" என்பார்.

இயர்பட்ஸ் பாடுமா பாடாதா என்பதெல்லாம் அப்புறம். அந்த "அறுநூத்தம்பது"க்காகத்தான் இவ்வளவு ஓட்டமும். அதை வெற்றிகரமாகச் சொல்ல ஆசைப்படுவோருக்கு இந்தக் கையேடு. பாட்டுக் கேட்பதற்கு மட்டும் இயர்பட்ஸ் வேண்டும் என்பவர்கள் பெயருள்ள கடையில் பில் போட்டு வாங்கிக்கொண்டு, அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம்.

படி 1: முதலில் தள்ளுபடி, அப்புறம் தேவை

என்ன வேண்டும் என்று முடிவு செய்துவிட்டுத் தேடுவது ஆரம்பநிலைத் தவறு. எதற்குத் தள்ளுபடி அதிகமோ அதுதான் உங்களுக்கு வேண்டியது. 4,999 ரூபாயைக் குறுக்கே அடித்துவிட்டு 799 என்று போட்டிருக்கும் ஸ்மார்ட் வாட்ச் கண்ணில் பட்டால், 799 ரூபாய் செலவாகும் என்று நினைக்காதீர்கள். 4,200 ரூபாய் மிச்சம் என்று நினையுங்கள்.

டப்பாவில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் யாரும் விற்கக் கூடாது என்பது சட்டம். அந்த விலைக்கு என்றைக்காவது ஒருவருக்காவது விற்றிருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆகவே 4,999 என்பது அச்சகத்தில் பிறந்து அச்சகத்திலேயே உயிர்விட்ட எண்ணாக இருக்கலாம். அந்தச் சாதனம் ஆறு மாதமாக என்ன விலைக்கு ஓடியது என்று வரைபடம் போட்டுக் காட்டும் இணையதளங்கள் இருக்கின்றன. அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். தள்ளுபடித் திருவிழாவுக்கு முந்தின வாரமும் அது 799-தான் என்று தெரிந்துவிட்டால் 4,200 ரூபாய் நஷ்டம், உங்களுக்குத்தான்.

படி 2: அவசரப்படுங்கள்

ஆடி, சுதந்திர தினம், ஆயுதபூஜை, தீபாவளி, பொங்கல், குடியரசு தினம் என்று நல்ல நாளுக்கு இங்கே பஞ்சமில்லை. ஒவ்வொன்றிலும் "இந்த ஆண்டின் கடைசி வாய்ப்பு" வரும். திரையில் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடும். "இன்னும் 2 மட்டுமே உள்ளது" என்று சிவப்பில் எழுதியிருக்கும். நள்ளிரவு தாண்டியதும் கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கினால் அதற்கு என்ன காரணம் என்று ஆராய வேண்டாம்.

இப்படி வாடிக்கையாளரைத் தள்ளிவிடும் தந்திரங்கள் பதின்மூன்றைப் பட்டியல் போட்டு, மத்திய அரசு 2023 நவம்பரில் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. பட்டியலில் முதலில் நிற்பதே போலி அவசரம்தான். நாம் கேட்காத பொருளைக் கூடையில் நுழைப்பதும், "வேண்டாம், எனக்குப் பணத்தை மிச்சப்படுத்தத் தெரியாது" என்கிற மாதிரி பொத்தான் வைத்துக் கூச வைப்பதும் அதே பட்டியலில் உண்டு. படித்தால் கை தயங்கும். படிக்காதீர்கள்.

மதிப்புரைகளை மட்டும் தவறாமல் படியுங்கள். "இன்னும் பிரிக்கவில்லை, பேக்கிங் சூப்பர், ஐந்து நட்சத்திரம்" என்பதுதான் நம்பத்தக்கது. டப்பாவுக்குள்ளேயே "ஐந்து நட்சத்திரம் போட்டுப் படம் அனுப்பினால் 100 ரூபாய் உங்கள் கணக்கில்" என்று சீட்டு இருந்தால், முன்னால் வாங்கியவர்களும் மனப்பூர்வமாகத்தான் பாராட்டியிருக்கிறார்கள் என்று தெளியுங்கள்.

படி 3: வட்டியில்லாமல் கட்டுங்கள்

பூஜ்ய சதவீத வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. அதனால் இப்போது அந்தப் பெயரில் வருவதில்லை. "நோ காஸ்ட் இஎம்ஐ" என்று வருகிறது. கணக்கு எளிது. ஆறு மாதத்துக்கான வட்டி 1,250 ரூபாய் என்றால், விலையில் அதைக் கழித்துக் காட்டுவார்கள். வங்கி அதே 1,250 ரூபாயை வட்டி என்று தவணையில் வாங்கிக்கொள்ளும். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, அதாவது 225 ரூபாய், உங்கள் தலையில். செயல்பாட்டுக் கட்டணம் என்று சில நூறு தனி. முழுப் பணத்தையும் கட்டினால் கிடைத்திருக்கும் தள்ளுபடி இதில் கிடையாது என்றால், அதைக் கேட்டு மனதைப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டாம்.

பத்து சதவீதக் கழிவுக்குக் குறிப்பிட்ட ஒரு வங்கியின் அட்டை வேண்டுமே, உங்களிடம் இல்லையே என்றால் கல்லூரித் தோழனைக் கூப்பிடுங்கள். அவன் கல்யாணத்துக்குக்கூட நீங்கள் போகவில்லை என்பது ஒரு பொருட்டல்ல. "என்ன மச்சி, எப்படி இருக்க? அப்பா அம்மா சவுக்கியமா?" என்று தொடங்கி, மூன்றாவது வாக்கியத்தில் அட்டைக்கு வந்துவிடலாம். அவனுக்கும் புரியும். போன தீபாவளிக்கு அவனும் யாருடைய அப்பா அம்மாவையோ விசாரித்தவன்தான்.

படி 4: ரிச்சி தெருவில் கால் வையுங்கள்

சென்னை அண்ணா சாலையிலிருந்து நரசிங்கபுரம் தெருவுக்குள் திரும்புங்கள். ரிச்சி தெரு என்று நாம் பொதுவாகச் சொல்வது அந்தப் பெயருள்ள தெருவை மட்டுமல்ல; நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, பக்கத்தில் கிளை பிரியும் சந்துகள் எல்லாமே அதில் அடக்கம். ரெசிஸ்டரிலிருந்து கண்காணிப்புக் கேமரா வரை கிடைக்காதது இல்லை. பழுதுபார்ப்பவர்கள், பொறியியல் மாணவர்கள், மொத்த வியாபாரிகள் இங்கே எதை எங்கே வாங்க வேண்டும் என்று தெரிந்து, நியாயமான விலைக்கு நல்ல பொருள் வாங்கிப் போகிறார்கள். அவர்களிடம் வழி கேட்காதீர்கள். முகப்பில் இருக்கும் முதல் கடையில் கேளுங்கள்.

"அண்ணே, பவர் பேங்க் இருக்கா? இருபதாயிரம் எம்ஏஎச்."

"இருக்கு சார். கம்பெனி பீஸா, நார்மல் பீஸா?"

"என்ன வித்தியாசம்?"

"ஒண்ணும் இல்ல சார். அதே ஃபேக்டரிதான். பேரு மட்டும் இருக்காது."

"பில்லு?"

"பில்லு போட்டா பதினெட்டு பர்சென்ட் ஏறும். உங்களுக்கு எதுக்கு?"

"வாரண்டி?"

"செக்கிங் வாரண்டி சார். இங்கயே போட்டுக் காட்டிடுவோம்."

செக்கிங் வாரண்டி என்பது கல்லாவில் பிறந்து கடை வாசற்படியில் காலாவதியாவது. நீலவிளக்கு நான்கும் எரியும். உங்கள் ஃபோனில் மின்னல் குறி வரும். எல்லாருக்கும் திருப்தி.

இங்கே மூன்று காரியங்களை மட்டும் செய்துவிடாதீர்கள். ஒன்று, கையில் தூக்கி எடை பார்ப்பது. இத்தகைய பவர் பேங்குகளில் பரவலாக இருக்கும் உருளை வடிவ லித்தியம் செல் ஒன்று ஏறக்குறைய 45 கிராம். அதில் அதிகபட்சம் சுமார் 3,500 எம்ஏஎச் பிடிக்கும். இருபதாயிரத்துக்கு ஆறு செல்லாவது வேண்டும். செல் மட்டுமே 270 கிராம் வரும். கையில் இருப்பது சட்டைப் பையில் போட்டால் தெரியாத அளவுக்கு லேசாக இருந்தால் கணக்கு இடிக்கும். எடை பார்க்கும் சந்தேகப் பிராணிகளுக்காகவே உள்ளே மணலோ இரும்புத் தகடோ வைத்துத் தருகிற உற்பத்தியாளர்களும் உண்டு என்பதால், எடை சரியாக இருந்தாலும் நிம்மதி இல்லை.

இரண்டு, பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் இருப்பதைப் படிப்பது. நல்ல கம்பெனி பவர் பேங்கே 20,000-ஐ முழுதாகத் தராது. செல்லின் 3.7 வோல்ட்டை 5 வோல்ட்டாக ஏற்றும்போதே அது 14,800 ஆகிவிடும். மாற்றும்போது வெப்பமாகப் போவது போக, பன்னிரண்டு பதின்மூன்றாயிரம் கைக்கு வந்தால் யோக்கியமான சரக்கு. அதை அவர்களே சின்ன எழுத்தில் ஒப்புக்கொண்டிருப்பார்கள். நம் நார்மல் பீஸில் இந்தத் தொல்லை இல்லை. பெரிய எழுத்து மட்டும்தான்.

மூன்று, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) முத்திரையையும், ஆர் எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணையும் தேடுவது. பவர் பேங்குக்கு அது கட்டாயம். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் யார் தயாரித்தது என்று வந்துவிடும். "அதே ஃபேக்டரிதான்" என்று சொன்னவர் மனம் நோகும்.

படி 5: கொள்ளளவில் குறை வைக்காதீர்கள்

பென் டிரைவ் வாங்கும்போது 64 ஜிபி, 128 ஜிபி என்று அற்பமாக யோசிக்க வேண்டாம். 499 ரூபாய்க்கு 2 டிபி கிடைக்கிறது. கணினியில் செருகினால் கணினியே 2 டிபி என்று சொல்லும். உள்ளே இருப்பது 16 ஜிபி சில்லு. பொய் சொல்லும்படி அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கல்யாண வீடியோவை ஏற்றினால் கோப்புகளின் பெயர்கள் எல்லாம் வரிசையாகத் தெரியும். மாப்பிள்ளை அழைப்பு ஓடும். முகூர்த்தம் திறக்காது. முழுக்க நிரப்பி, திரும்பப் படித்துச் சோதிக்கும் இலவச மென்பொருள்கள் உண்டு. வாங்கிய அன்றே சோதித்தால் முகூர்த்தம் தப்பிக்கும். 2 டிபி வைத்திருக்கும் பெருமை போய்விடும்.

படி 6: ஃபாரின் சரக்குக்குக் காத்திருங்கள்

பர்மாவிலிருந்து திரும்பிவந்த குடும்பங்களின் பிழைப்புக்காக 1969-ல் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் முளைத்தது. இறக்குமதிக்கு ஆயிரம் கட்டுப்பாடு இருந்த அந்தக் காலத்தில் டூ-இன்-ஒன், வாக்மேன், கால்குலேட்டர் என்று எதுவானாலும் அங்கேதான். அன்று பழகிய நாக்கு இன்றும் "ஃபாரின் பீஸ்" என்றால் ஊறுகிறது.

இன்று ஸ்ரீபெரும்புதூரில் ஐஃபோன் தயாராகி ஏற்றுமதியாகிறது. சென்னையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். ஆனாலும் நாம் நியூஜெர்சி சித்தப்பா டிசம்பரில் வரும்வரை காத்திருக்க வேண்டும். வரி, டாலர் கணக்கு எல்லாம் பார்த்து மலிவு என்று அவர் வாங்கிவருவார். டப்பாவைத் திருப்பினால், "இந்தியாவில் பொருத்தப்பட்டது" என்றிருக்கும். உலகத்தைச் சுற்றி ஊருக்கே திரும்பிய ஃபோன். அதில் சிம் அட்டையைச் செருக இடம் தேடுவீர்கள். ஐஃபோன் 14 வரிசையிலிருந்து அமெரிக்காவில் விற்கும் மாடல்களில் அந்த இடமே கிடையாது, இசிம் மட்டும்தான். சித்தப்பாவிடம் இதைச் சொல்ல வேண்டாம். பாவம், பெட்டியில் சாக்லேட்டைக் குறைத்துவிட்டு வைத்துக் கொண்டுவந்தவர்.

படி 7: பழையதில் பயமில்லை

செகண்ட் ஹேண்ட் ஃபோன் என்றால் அது எப்போதும் "ஒரு மேடம் வெச்சிருந்தது சார், கால் மட்டும்தான் பேசுவாங்க" வகையாகத்தான் இருக்கும். ஃபோனில் *#06# தட்டினால் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். கேஒய்எம் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அது எந்த மாடல், முடக்கப்பட்ட ஃபோனா என்று தொலைத்தொடர்புத் துறையே சொல்லிவிடும். ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்தில் வேறு யாராவது வந்து கொத்திக்கொண்டு போய்விட்டால்? அனுப்பாதீர்கள். மேடத்தை நம்புங்கள்.

படி 8: பேரம் பேசுங்கள், கணக்குப் போடாதீர்கள்

கடைக்காரர் 800 சொன்னால் 400 கேளுங்கள். "போணி நேரம் சார்" என்பார். மூன்றடி நடங்கள். கூப்பிடுவார். 650-க்கு முடியும். 150 ரூபாய் ஜெயித்தாயிற்று. இனி வருபவற்றைத் தனிக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்: வாங்கியதோடு சேர்த்துத் தலையில் கட்டிய கேபிள் 120, வண்டி நிறுத்தியது 20, வெயிலுக்கு இரண்டு கரும்புச்சாறு, அந்தக் கேபிள் துளையில் பொருந்தாததால் மாலையில் மறுபடி போய்வந்த பெட்ரோல். அரைநாள் விடுப்பை எந்தக் கணக்கிலும் எழுதக் கூடாது.

படி 9: கெட்டுப்போனால்

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கூப்பிட்டால் எடுப்பார்கள், பொறுமையாகக் கேட்பார்கள், பில் இருக்கிறதா என்பார்கள். பில்தான் உங்களுக்கு எதற்கு என்று முன்பே முடிவாகிவிட்டதே. ஆகவே பொருளை அலமாரியின் மேல்தட்டில், இதற்கு முன் வாங்கிய இரண்டுக்கும் பக்கத்தில் வையுங்கள்.

வெளியே மூச்சுவிட வேண்டாம். மச்சினர் வந்து விலை கேட்டால் 650 என்று உண்மையைச் சொல்லாதீர்கள். "ஐநூறு" என்று சொல்லுங்கள். அவர் அதை நம்பி அதே தெருவுக்குப் போவார், அலைந்து திரிந்து 700-க்கு வாங்குவார், வீட்டில் 450 என்பார். அவருடைய நண்பர் 400 என்பார். இப்படி ஊரே ஒருவர் சொன்ன விலையை மற்றவர் கடைக்குக் கொண்டுபோய்க் கேட்டுக்கொண்டிருக்கிறது. கடைக்காரர் தலையைக்கூட நிமிர்த்தாமல் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்:

"அந்த ரேட்டு எங்களுக்கே வராது சார்."

நாள் முழுக்க அந்தக் கல்லாவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பேசப்பட்டதில், கலப்படமில்லாத உண்மை இது ஒன்றுதான்.